ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

வெடர்பர்ன், சஸ்காட்செவன்
14 செப்டம்பர் 1998

அன்பு மகன் எமிலுக்கு,

ஓல்கா ப்ரொகோப் எழுதுவது. நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், முழங்காலைக் கேட்டால் அது வேறு சொல்லும். நீ எப்படி இருக்கிறாய்? கெனோராவில் படகுக் காலம் முடியப் போகிறது, இனியாவது வேளைக்குச் சாப்பிடு.

விஷயம் இதுதான். நம் மில்லர்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஐம்பது வயது ஆகிறது. மார்ச் இருபதாம் தேதி விருந்து, கூடவே ஒரு வரலாற்றுப் புத்தகம். யார் எழுதுவது என்று குழுவில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்களில் கல்லறைக்குப் போகாதவள் நான் ஒருத்திதானாம். தலைவர் கார்ட் பெல்லமி சின்னப் பயல். தயங்கித் தயங்கி, "மிஸஸ் ப்ரொகோப், ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமில்ல?" என்று கேட்டான். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்காக ரெஃபரிய வாய்க்கு வந்தபடி திட்டினவ நான்" என்றேன். 

ஆரம்பித்துவிட்டேன். 1949இல் மாவு மில் ஆட்கள் தீயணைப்பு வண்டியின் குழாயை வாங்கி மூன்று நாள் தண்ணீர் அடித்து மில்லுக்குப் பின்னால் பனித்தளம் உண்டாக்கியது, முதல் ஆட்டத்தில் பதினொன்றுக்கு ஒன்று என்று மண்ணைக் கவ்வியது, அந்த ஒரு கோலைப் போட்ட ரொட்டிக்கடைப் பையன் சறுக்குக் காலணியைக் கூடக் கழற்றாமல் ரொட்டி கொடுக்க ஓடியது, எல்லாம் எழுதியாயிற்று. வெளியூர்ப் பையன்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்ட அம்மாக்களுக்கும் ஒரு பக்கம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் எனக்கு இருபத்தாறு பையன்கள். இன்னும் கடிதம் போடுகிறவன் நீ ஒருவன்தான்.

ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பக்கம். 1968-69 தான் நாம் கோப்பை வாங்கிய ஒரே வருஷம். ஜனவரி வரை கோல் வலையில் நின்றவன் நீ, அதற்குப் பிறகு நின்றவன் நான் பெற்ற மகன் ஒரெஸ்ட். அணிப் படம் எடுத்தது நீ போன பிறகு, அதனால் நீ எந்தப் படத்திலும் இல்லை. உன் படம் ஒன்றும் நினைவில் உள்ளதை அரைப் பக்கமும் அனுப்பு. விருந்துக்கும் வா.

உன் நலனையே வேண்டும்,
ஓல்கா

கெனோரா, ஒன்டாரியோ
2 அக்டோபர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

எமிலின் வணக்கம். நான் சௌக்கியம். முழங்காலோடு நாற்காலி மேல் ஏறி ஜாடி எடுக்கிற வழக்கத்தை விட்டீர்களா? விட்டிருக்க மாட்டீர்கள்.

வரலாறு எழுத உங்களைப் பிடித்ததுதான் அந்தக் குழு இதுவரை செய்த ஒரே புத்திசாலித்தனம். ஒரு படம் வைத்திருக்கிறேன், காலில் கோல்கீப்பரின் தோற்பட்டைகளைக் கட்டிக்கொண்டு உங்கள் கொல்லையில் நிற்பது. மூஞ்சியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அம்மா செத்து, அப்பா சுரங்கமே கதியென்று கிடந்த வீட்டிலிருந்து வந்தவன் நான். உங்கள் வீட்டில்தான் எனக்குச் சதை போட்டது. கோச் டிரிஸ்கல் ஒருமுறை சொன்னார், நீங்கள் வாராவாரம் அவருக்கு எழுதிப் போட்ட ஞாயிற்றுக்கிழமைச் சீட்டைப் படித்தாலே பசி எடுக்கும் என்று. மற்ற அம்மாக்கள் 'பையன் நலம்' என்று இரண்டு வார்த்தை எழுதுவார்களாம், நீங்கள் நான் எத்தனை வரெனிகிக் கொழுக்கட்டை தின்றேன் என்று எண்ணி எழுதுவீர்களாம்.

அரைப் பக்கம் கேட்டீர்கள். ஒரு கேள்வியோடு தருகிறேன். 1969 ஜனவரி ஒன்பதாம் தேதி மில்லர்ஸ் என்னை மனிடோபா அணி ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தது. என் விலை ஒரு தடுப்பாட்டக்காரனும் இரண்டு டஜன் மட்டைகளும். ஏன் என்று புத்தகத்தில் எழுதப் போகிறீர்கள்?

நான் சொல்கிறேன். நவம்பரில் பயிற்சியின்போது பக் என்கிற அந்த ரப்பர் வட்டு பட்டு என் இடது கண் ஓரம் இருண்டு போனது. பாலைத் தட்டிவிட்டதை நீங்கள் பார்த்துக் கேட்டீர்கள். உங்களிடம் மட்டும் சொன்னேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரெஸ்ட் தானாகக் கண்டுபிடித்து டிரிஸ்கல்லிடம் வத்தி வைத்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு வலை கிடைத்தது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், விருந்துக்கு வருகிறேன். உங்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை.

என்றும் உங்கள்,
எமில்

வெடர்பர்ன்
26 அக்டோபர் 1998

அன்பு மகன் எமிலுக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் வந்துவிட்டதா? படம் கிடைத்தது. அந்தச் சட்டை நான் தைத்தது.

வேலை மும்முரம். 1956இல் பனி கனத்து அரங்கத்தின் கூரை விழுந்ததை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே யாரும் இல்லை, ஒரு பூனையைத் தவிர. அதுவும் பிழைத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க நம் பையன்கள் நாற்பது மைல் தள்ளிப் போய்ப் பயிற்சி செய்தார்கள். புதுக் கூரைக்குப் பணம் சேர்க்கப் பெண்கள் நாங்கள் தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் வரெனிகி மடித்து மடித்து விரல் வீங்கினோம். நகர மன்றம் இன்றைக்கும் அந்தக் கூரையைத் தான் போட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. புத்தகம் வரட்டும்.

நீ எழுதியதை யோசித்துப் பார்க்கிறேன். ஒரெஸ்ட் அப்படிப்பட்டவன் இல்லை, எமில்.

அன்புடன்,
ஓல்கா

கெனோரா
9 நவம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? எனக்குச் சளி, வேறொன்றும் இல்லை.

பெற்றவள் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகக் கோபமில்லை. ஆனால் கேளுங்கள். புதிய அணியின் டாக்டர் பார்த்த முதல் நாளே என்னை வின்னிபெக் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விழித்திரை பிய்ந்திருந்தது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். பதினேழு வயதில் என் ஆட்டம் முடிந்தது. கண்ணில் கட்டோடு தட்டித்தடவி நடந்து போய் ஒரெஸ்டுக்குப் போன் செய்தேன். "நீதானேடா சொன்ன? நீயே உன் வாயால சொல்லு" என்றேன்.  அவன், "நீ என்ன நெனைக்கிறியோ அப்படியே வெச்சுக்கோ" என்று வைத்துவிட்டான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவ்வளவு சிநேகம் எங்களுக்கு. அன்றோடு சரி, முப்பது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

உங்கள்,
எமில்

வெடர்பர்ன்
6 டிசம்பர் 1998

அன்பு மகன் எமிலுக்கு,

சளி விட்டதா? தேன் அனுப்பியிருக்கிறேன், கம்பளிக் காலுறையும் இருக்கிறது. இந்த முறை இரண்டும் ஒரே அளவுதான், அளந்து பார்த்தேன்.

ஜனவரி கடைசிக்குள் எல்லாப் பக்கமும் அச்சுக்குப் போக வேண்டும் என்று கார்ட் வந்து நிற்கிறான். உன் வருஷத்துப் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஒரெஸ்டிடம் கோப்பையோடு எடுத்த படம் கேட்டேன், இல்லை என்றுவிட்டான். கோப்பை வாங்கிய மறுவாரம் பெரிய அணி ஒன்று அவனைக் கூப்பிட்டது, உனக்குத் தெரியாது. போகவில்லை. மின்கம்பம் ஏறும் வேலைக்குப் போனான். அதன் பிறகு ஒருநாள் கூடப் பனிமேல் கால் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவான்.

முப்பது வருஷம் ஆகிறது, எமில். விட்டுவிடேன்.

ஓல்கா

கெனோரா
20 டிசம்பர் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

வரப்போகும் கிறிஸ்துமஸ் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும். காலுறை கிடைத்தது. ஒன்று பெரிதுதான்.

விட்டுவிடு என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். மனைவி போன பிறகு ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் போன் செய்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்டது நீங்கள். உங்களுக்கே என் பக்கம் நியாயம் தெரியவில்லை என்றால் வேறு யாரிடம் போவேன்?

புத்தகத்துக்கு நானே ஒரு பத்தி எழுதிவிட்டேன். "கோல்கீப்பர் எமில் டெலொர்மின் கண் அடிபட்டதை, அவன் இடத்துக்குக் காத்திருந்த அறைத்தோழனே பயிற்சியாளரிடம் சொன்னான். அதை மறைத்துப் பயிற்சியாளர் அவனை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்." ஊரில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும். ஜனவரி பதினைந்துக்குள் நீங்கள் சேர்க்கிறேன் என்று சொல்லாவிட்டால் நேராக கார்ட் பெல்லமிக்கு அனுப்பிவிடுவேன்.

எமில்

வெடர்பர்ன்
8 ஜனவரி 1999

அன்பு மகன் எமிலுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், கடைசி வரி வரை நீ படிப்பாயோ என்னவோ.

பத்தியை அனுப்பாதே. ஒரெஸ்ட் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு. பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்பினான், என்ன தின்றான், இருமல் காய்ச்சல் உண்டா என்று எழுதி, பூசை முடிந்து வரும் வழியில் டிரிஸ்கல் அறை வாசலில் ஆணியடித்து வைத்திருந்த காப்பி டப்பாவில் போடுவோமே, அதுதான். 1969 ஜனவரி ஐந்தாம் தேதிச் சீட்டில் எழுதினேன்: 'எமிலுக்கு இடது கண் ஓரம் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஆடுகிறான். கவனிக்கவும்.' மறுநாள், பழைய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸ் விரத விருந்து. பன்னிரண்டு பண்டம் சமைத்து, உனக்குக் கூடவே இரண்டு கரண்டி போட்டு, தலையைத் தடவிக் கொடுத்தேன். சீட்டு அப்போது டப்பாவில் கிடந்தது.

வியாழக்கிழமை உன்னை அனுப்பிவிட்டார்கள். டாக்டரைக் கூப்பிடுவார் என்றுதான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருஷக்கணக்காக அதையே சொல்லி வந்தேன். டிரிஸ்கல் கெட்டவர், அடிபட்ட பையனை ஆள்மாற்றக் கெடு முடிவதற்குள் அடுத்தவன் தலையில் கட்டினார், அது அவர் பாவம். ஆனால் எமில், டாக்டர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. உன் கையைப் பிடித்துப் பத்து நிமிஷத்தில் கூட்டிப் போயிருக்கலாம். நீ முறுக்கியிருப்பாய், கத்தியிருப்பாய், ஆனால் வந்திருப்பாய். நான் ஏன் டாக்டரிடம் போகாமல் டப்பாவிடம் போனேன்?

அந்த வருஷம் முழுக்க ஒரெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து உனக்குப் பனித்தளத்தின் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் உனக்குக் கை தட்டிக்கொண்டே அவனைப் பார்ப்பேன். சீட்டு எழுதும்போது அவன் நினைப்பு என் மனதில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை. இருந்தது என்றும் நிச்சயமாகத் தெரியவில்லை. எப்படி இருந்தாலும் உன் கண் போனது, என் பிள்ளை கோப்பையைத் தூக்கினான். நானும் எழுந்து நின்று கை தட்டினேன்.

நீ வருஷம் தவறாமல் அம்மா என்று எழுதும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால் நீ எழுத மாட்டாய் என்ற பயம். அந்தப் பயத்துக்காக முப்பது வருஷம் உன் கோபத்தை என் மகன் தலையில் இருக்க விட்டேன். ஒரெஸ்டுக்கு எதுவும் தெரியாது. உன் போனுக்கு ஏன் அப்படிப் பதில் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவனைத் திட்டாதே, அவ்வளவுதான்.

ஓல்கா

கெனோரா
22 பிப்ரவரி 1999

மதிப்புக்குரிய திருமதி ஓல்கா ப்ரொகோப் அவர்களுக்கு,
வரலாற்றுக் குழு, வெடர்பர்ன் மில்லர்ஸ்

வணக்கம். தாங்கள் கேட்ட விவரம். எமில் டெலொர்ம், கோல்கீப்பர். 1968-69 பருவத்தில் இருபத்து மூன்று ஆட்டங்கள். பதினைந்தில் வெற்றி, ஆறில் தோல்வி, இரண்டு சமம். 9.1.1969 அன்று அணி மாற்றப்பட்டார்.

முன்பு நான் அனுப்பிய பத்தியைக் கிழித்துவிடவும்.

இங்ஙனம்,
எ. டெலொர்ம்

வெடர்பர்ன்
1 மார்ச் 1999

எமிலுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். வேறு எதுவும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

உன் கணக்கு கிடைப்பதற்கு முன்பே பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. எண்கள் அணியின் பழைய ஆட்டத் தாள்களில் இருந்தன, நீ எழுதியதோடு ஒத்துப்போகின்றன. கீழே இரண்டு வரி எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன்: 'டெலொர்மின் காயத்தை, அவன் நம்பிச் சொன்னதை, வளர்ப்புத் தாயான நான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதனால் அவன் அணியையும் கண்ணையும் இழந்தான். ஓல்கா ப்ரொகோப்.' கார்ட் கையைப் பிசைந்துகொண்டு, "விருந்துப் புத்தகத்துல இதெல்லாம் எதுக்கும்மா?" என்றான். வரலாறு என்றால் வரலாறுதான், பிடிக்காவிட்டால் ஐம்பது வருஷத்தையும் நீயே எழுது என்றேன்.

அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒரெஸ்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டான். எழுந்து போய் வாசல் பனியை வாரினான். காலையில்தான் வாரியிருந்தான். அதன் பிறகு இரண்டு நாளாக வரவில்லை.

ஓல்கா

வெடர்பர்ன்
19 மார்ச் 1999, மதியம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மேலே ஊர் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரெஸ்டின் சமையலறையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வீடு இங்கிருந்து ஆறு தெரு. நேரே வந்திருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே நிச்சயமில்லை, அதனால் முதலில் இவனிடம் வந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் இவனிடம்தான் இருந்தது.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை வாசித்து ஆறு வாரம் கோபத்திலேயே இருந்தேன். அம்மா என்று எழுதக் கை வரவில்லை, அதுதான் அந்தத் திருமதி. வேண்டுமென்றேதான் எழுதினேன், வலிக்கட்டும் என்று.

ஒரெஸ்ட் கதவைத் திறந்தான். தலை நரைத்து, தொந்தி போட்டு, அடையாளமே தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்து, "உள்ள வாடா, குளிர் வீட்டுக்குள்ள வருது" என்றான். முப்பது வருஷத்துக்குப் பிறகு பேசின முதல் பேச்சு இதுதான். காப்பி போட்டான். தப்பு செய்துவிட்டேன், நீ இல்லை என்று எனக்கு இப்போதுதான் தெரியும் என்றேன். எனக்கு அப்போதே தெரியும் என்றான்.

அம்மா, அவனுக்குத் தெரியும். நான் போன மறுநாள் டிரிஸ்கல் அவன் தோளைத் தட்டி, "வலை இனிமே உனக்குத்தான். உங்கம்மாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடு" என்றாராம். அதைக் கேட்டுக்கொண்டுதான் அத்தனை ஆட்டமும் ஆடியிருக்கிறான். நடுவில் விட்டால் ஊர் ஏன் என்று கேட்கும், உங்கள் பெயர் வெளியே வரும். அதனால் கோப்பை வரை நின்றுவிட்டு, அதோடு காலணியைக் கழற்றிவிட்டான். நீங்கள் ஏன் ஏன் என்று கேட்டீர்களே, இதுதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பின்ன ஏண்டா போன்ல சொல்லல? ஒரு வார்த்தை, நான் இல்லடான்னு சொல்லியிருக்கலாமே" என்று மேசையைத் தட்டினேன். அவன் காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"நான் இல்லன்னா வேற யாருன்னு கேப்ப. வீட்ல வேற யாருடா இருந்தா? என்னத் திட்டினா உனக்கு ஒரு ஃப்ரெண்டு போவான், அவ்வளவுதான். வேற ஃப்ரெண்டு கெடைப்பான். உனக்கு இருந்தது ஒரே ஒரு அம்மா. அவளும் போயிட்டா கண்ணுல கட்டோட ஆஸ்பத்திரில கெடந்துக்கிட்டு நீ யாருக்குடா லெட்டர் போடுவ?"

  அழுதேன் என்று எழுத வெட்கமாக இல்லை. முப்பது வருஷமாக நான் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் அவன் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதில் பாதியில் நான் அவனைத் திட்டித்தான் எழுதியிருக்கிறேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. பொய் எழுத மாட்டேன். ஆனால் இவன் இவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றி வைத்த அம்மாவை நான் ஆறு தெரு தள்ளி விட்டுவிட்டுப் போனால், மனிதன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

இதை ஒரெஸ்ட் கொண்டு வருகிறான். படித்து முடித்ததும் முதலில் அவனை உட்கார வைத்துப் பேசுங்கள், அது நம் எல்லோரையும் விட அவனுக்கு வர வேண்டியது. எனக்குப் பதில் எழுத வேண்டாம். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டுவேன். என்ன பேசுவது என்று இப்போதும் தெரியவில்லை, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மகன்,
எமில்